பெயர் போடாத பெட்டிசம்

மகள் எந்த இடத்தில் சட்டம் படிக்க வேண்டும் என்பதைத் தானே தீர்மானிக்கப் போவதாகச் சோமசேகரம் அறிவித்தபோது, அதை அவரிடம் வீட்டில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை. மகள் லோஜினி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மனைவி தங்கேஸ்வரி சூடைமீன் கழுவிக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டு யோகம்மா சுளகு கேட்டு வந்து, சுளகு கைக்கு வந்த பிறகும் போக மனமில்லாமல் குசினி வாசலில் நின்றாள். சபை கூடிவிட்டது என்று சோமசேகரம் எடுத்துக்கொண்டார்.

கையில் ஒரு நீளத் தாள். அதில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, ஒரு பக்கம் புலமைப்பரிசில் என்றும் மறுபக்கம் வேலைவாய்ப்பு என்றும் எழுதியிருந்தார்.

"முதலாவது, கொழும்புப் பல்கலைக்கழக வளாகம். நாலு வருசம். படிப்பு இலவசம். சாப்பாடு இலவசமில்லை, படுக்கை இலவசமில்லை. முடிச்சுப்போட்டு வந்தாலும் உடன கோட்டில ஏறி வழக்குப் பேசேலாது. பிறகும் சட்டக் கல்லூரிச் சோதனை எடுக்க வேணும். வேலைவாய்ப்பு சைபர்."

"அப்ப நேர சட்டக் கல்லூரிக்கே போனா என்ன?" என்றாள் யோகம்மா.

"அதுவும் கொழும்பிலதான், புதுக்கடையில இருக்கு. முடிச்ச உடன சட்டத்தரணி. ஆனா எல்லாத்துக்கும் நாங்கள்தான் கட்ட வேணும். புலமைப்பரிசில் சைபர். மூண்டாவது லண்டன். வீட்டில இருந்து தபாலில படிக்கலாம். புத்தகம் கப்பலில வரும். அது வந்து சேர முதல் சட்டம் மாறிப்போடும்."

"அப்ப எங்கதான் படிக்கிறது, அண்ணை?"

"அதைத்தான் இந்தத் தாள் சொல்லுது." சோமசேகரம் தாளை மடித்தார். "நான் படிப்புக்கு எதிரி இல்லை. எனக்கு ரெண்டு விசயம் காணும். முழுச் செலவும் தாற ஒரு புலமைப்பரிசில். படிச்சு முடிய வேலை தாறன் எண்டு ஆரும் பெரிய மனிசன் கையெழுத்து வைச்ச ஒரு கடதாசி. ரெண்டும் வந்தா, நானே ரயிலில கொண்டுபோய் விடுறன். யோகம்மா, நீர் சாட்சி."

லோஜினி துருவுவதை நிறுத்தவில்லை. வளாகத்திலிருந்து அனுமதிக் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. இந்த ஐந்து நாளில் அவள் அதை எத்தனை தரம் வாசித்தாள் என்று தங்கேஸ்வரிக்குத் தெரியும். மீன்சட்டியிலிருந்து தலையை எடுக்காமலே தங்கேஸ்வரி சொன்னாள்:

"நீங்கள் சொன்னாச் சரிதான்."

சோமசேகரம் மடித்த தாளை மறுபடி விரித்துப் பார்த்தார். கலியாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் இந்த வசனத்தை அவர் இரண்டே முறைதான் கேட்டிருந்தார். முதல்முறை கேட்டபின் வீட்டுக் கூரையில் கிடுகு போய் ஓடு வந்தது. இரண்டாம்முறை கேட்டபின் மாமியார் வந்தார். ஆனாலும் தாள் சரியாகத்தான் இருந்தது. இப்படி ஒரு புலமைப்பரிசிலும் இப்படி ஒரு கடதாசியும் இலங்கைத் தீவில் இல்லை என்று அவர் நிச்சயமாக நம்பினார்.

தாளில் எழுதாத காரணமும் இருந்தது. சோமசேகரம் ஒரு காலத்தில் கப்பற்பட்டறையான டொக்யாட்டில் கிளாக்கர். ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளைக்காரன் தன் நேவியைக் கட்டிக்கொண்டு போனபோது, அவருக்கு ஒரு கம்பளிக் கோட்டையும் ஒரு நற்சான்றுக் கடிதத்தையும் விட்டுப் போனான். கடிதத்தைக் கரையான் தின்றது. கம்பளி திருகோணமலை வெயிலுக்கு உதவவில்லை. ஆகவே நீதிமன்ற மதிலோரம் ஒரு மேசையும் கதிரையும் போட்டு, சனத்துக்கு மனு, அதாவது பெட்டிசம், எழுத உட்கார்ந்தார். இப்போது எழுபத்தாறாம் ஆண்டு, பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. காணிக்கு, பென்சனுக்கு, இடமாற்றத்துக்கு, அயலவனின் மாட்டுக்கு எதிராக, பிறகு அதே மாட்டுக்கு ஆதரவாக என்று எழுதித் தள்ளினார். இறக்கக்கண்டியிலிருந்து வெருகல் வரைக்கும் அவருடைய 'கண்ணீரும் கம்பலையுமாக' என்ற வரி போகாத அரசாங்கக் கந்தோர் இல்லை. சனம் அவரை, நீதிமன்ற வாசல் வக்கீல் என்ற கருத்தில், 'கோட்டடி அப்புக்காத்தர்' என்று கூப்பிட்டது. அப்புக்காத்து, புறக்கிராசி என்ற பேதத்தையெல்லாம் எடுத்துவிட்டு எல்லாரும் சட்டத்தரணிதான் என்று அரசாங்கம் சட்டம் போட்ட பிறகும் அவருடைய பட்டத்தை ஒருவரும் எடுக்கவில்லை. வீட்டுக்குள் ஒரு அசல் சட்டத்தரணி வந்தால் அது தானாகவே கழன்று விழும் என்பது அவருக்குத் தெரியும்.

அதுகூடப் பெரிதில்லை. டொக்யாட்டில் ஆங்கிலத்தோடு பழகிய கைக்குத் தமிழில் எந்த எழுத்து எங்கே வரும் என்பதில் எப்போதும் சந்தேகம். பகலில் எழுதியதைப் பின்னேரம் வீட்டுக்குக் கொண்டுவருவார். லோஜினி பென்சிலால் திருத்துவாள். மறுநாள் நல்ல பிரதி எழுதிக் கொடுப்பார். பதின்மூன்று வயதில் தொடங்கிய வேலை, ஏழு வருடமாகிறது. அந்த அரை மணித்தியாலம் இல்லாத பின்னேரத்தை நினைத்தால் அவருக்குப் பயமாக இருந்தது. மகளை விட்டுவிட்டு இருக்க ஏலாது என்று வாய் திறந்து சொல்ல அவருக்குத் தெரியவில்லை. ஆகவே பட்டியல் போட்டார்.

பெட்டிசத் தொழிலில் அவருக்கு இரண்டு விதிகள் இருந்தன. தாளின் மேல் எப்போதும் கல் வைக்க வேண்டும் என்பது ஒன்று. தொழில் தொடங்கிய முதல் மாதமே கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த புள்ளிமான் ஒன்று கிண்ணியாக்காரர் ஒருவருடைய முழுக் காணியையும் பெட்டிசத் தாளோடு மேசையடியில் நின்றபடியே தின்றுவிட்டுப் போனதால் வந்த விதி அது. மற்றது, பெயர் கேட்கக் கூடாது. ஒருமுறை நிலாவெளியிலிருந்து வந்தவர் தம்பிக்கு எதிராக எழுதிக்கொண்டு போக, அடுத்ததாக வந்து உட்கார்ந்தவர் பெயரைச் சொன்னார். "அட, உங்களுக்கு எதிராத்தானே இப்ப எழுதிக் குடுத்தனான்" என்று சோமசேகரம் மகிழ்ச்சியோடு சொன்னார். கதிரையின் ஒரு கால் அன்றைக்குத்தான் உடைந்தது. அதிலிருந்து பெயருக்கும் ஊருக்கும் புள்ளிக்கோடு விட்டுவிடுவார். வீட்டுக்குப் போய் அவரவர் நிரப்பிக்கொள்ள வேண்டியது. சோமசேகரத்திடம் போனால் ஆள் யார் என்று வெளியே வராது என்ற நம்பிக்கை சனத்துக்கு வந்து, வியாபாரமும் கூடியது.

பட்டியல் வாசித்து ஒரு கிழமை போயிருக்கும். மூதூரிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் லோஞ்ச் கரைக்கு வந்து கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். தலையில் முக்காடு. கையில் ஒரு தயிர்ச்சட்டி.

"ஐயா, ஒரு புள்ளைக்கு எழுதோணும்."

"இருங்கோ. பேர் வேண்டாம், ஊர் வேண்டாம். கதையை மட்டும் சொல்லுங்கோ."

"அதக் கேள்விப்பட்டுத்தான் ஐயாக்கிட்ட வந்தெ."

அவள் முந்தானையிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து நீட்டினாள். மங்கையர்க்கரசி நிதியம் என்று ஒன்று. கிழக்கு மாகாணத்தில் மாவட்டத்துக்கு ஒரு பெண்பிள்ளைக்கு, பல்கலைக்கழகப் படிப்பு முடியும்வரை முழுச் செலவும் கொடுக்குமாம். குடும்பத்தில் ஆதரவில்லாத பிள்ளையாக இருக்க வேண்டும். ஆதரவில்லாத காரணத்தை விண்ணப்பத்தில் விளக்க வேண்டும். சோமசேகரத்துக்கு ஒரு கணம் லோஜினி நினைவுக்கு வந்தாள். ஆனால் ஆதரவில்லாத பிள்ளைக்கு என்றல்லவா போட்டிருக்கிறது. லோஜினிக்குத்தான் அவர் இருக்கிறாரே.

"புள்ளைக்குக் கொழும்பில சட்டம் படிக்க எடம் கெடச்சிரிக்கி, ஐயா. வாப்பா விடுறாரில்ல."

"என்ன வேலை செய்யிறவர்?"

"எழுத்து வேல."

"எழுத்து வேலை செய்யிறவனே இப்படியெண்டா, எழுதப் படிக்கத் தெரியாதவனை என்ன சொல்லுறது." சோமசேகரம் பேனையைத் திறந்தார். "குடிக்கிறவரோ?"

"இல்ல ஐயா."

"அடிக்கிறவரோ?"

"சே, அப்பிடியெல்லாம் இல்ல. பகல் சோத்துக்குத் தயிர் இல்லாட்டி எறங்காது. வேற பழக்கம் ஒண்டும் இல்ல."

"அது காணும்."

எழுதினார். 'தான் உண்ணும் சோற்றில் ஒருநாளும் சுவை குறைய விடாத அம்மனிதர், பெற்ற பிள்ளையின் அறிவுப் பசியைக் கண்டும் காணாதவராய் ஏப்பம் விட்டு இருக்கிறார்.' வாசித்துக் காட்டினார். அவள் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று அவருக்குப் பட்டது.

"ஏன் விடுறாரில்லையாம்?"

"நேர சொல்ல மாட்டாராம். நடக்கேலாத காரியம் ரெண்டச் சொல்லி, அது வந்தா விடுறெ எண்டாராம்."

"தந்திரக்காரன்." பேனை ஓடியது. "உப்பிடி ஆக்களை எனக்கு நல்லாத் தெரியும். நேர மறுத்தா ஊர் பேசும். அதுக்காக வாசலைத் திறந்து வைச்சுக்கொண்டு படியை இடிச்சு விடுறது."

"ஐயா, அவ்வளவு கெட்ட மனிசனும் இல்ல. கொஞ்சம் பெரும. அவ்வளவுதான்."

"தங்கச்சி, பெட்டிசத்தில கொஞ்சம் எண்டு ஒண்டு இல்லை."

மூன்று பக்கம் வந்தது. பதினெட்டு வருடத்தில் இப்படி ஒரு வேகம் அவருக்கு வந்ததில்லை. காணிக்கும் மாட்டுக்கும் எழுதி எழுதி மரத்துப்போன கைக்கு ஒரு கொடுமைக்காரத் தகப்பன் கிடைத்தது பெரிய விருந்து. நாளைக்கு வந்து நல்ல பிரதியை வாங்கிக்கொள்ளும்படி சொன்னார். கூலியோடு தயிர்ச்சட்டியையும் மேசையில் வைத்துவிட்டு அவள் போனாள்.

தயிரை மத்தியானச் சோற்றுக்குப் பிசைந்துகொண்டே வீட்டில் சொன்னார்:

"ஒரு கட்சிக்காரி தந்தது. நீர் வழக்கமா வேண்டுற தயிரைவிட இது எவ்வளவு திறம் எண்டு பாரும்."

"ஓம்," என்றாள் தங்கேஸ்வரி. "கட்சிக்காரியின்ர தயிர் எண்டாத் தனி ருசிதான்."

பின்னேரம் லோஜினி பென்சிலோடு உட்கார்ந்தாள். முதல் பக்கம் முடிய முன்னமே தலை நன்றாகக் குனிந்துவிட்டது. தோள் குலுங்கியது. தன்னுடைய வசனம் பிள்ளையின் மனதை உருக்கிவிட்டதென்று சோமசேகரம் வெற்றிலையை மடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"அப்பா, இந்தத் தகப்பன் உண்மையா இப்படித்தானோ?"

"இதைவிட மோசம், பிள்ளை. நான் மரியாதைக்குக் குறைச்சு எழுதினனான்."

"'இனித் திருந்துவார் என்ற நம்பிக்கையும் இல்லை' எண்டு கடைசியில ஒரு வரி போடுவமோ?"

"போடு. நல்ல வரி."

அவள் போட்டாள். பிறகு பென்சிலை வைத்துவிட்டு, சிரிப்போ அழுகையோ இல்லாத முகத்தோடு கேட்டாள்: "அவருக்குப் பிள்ளையில விருப்பம் இல்லையோ, அப்பா?"

சோமசேகரம் கொஞ்சம் யோசித்தார். "விருப்பம் இருக்கும். சில பேருக்கு அதை எப்படிச் சொல்லுறதெண்டு தெரியாது, பிள்ளை. ஆனா அதை நாங்கள் எழுதக் கூடாது. எழுதினாப் புலமைப்பரிசில் கிடையாது."

லோஜினி அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தாளை அவர் பக்கம் தள்ளினாள். மறுநாள் மூதூர்ப் பெண் வந்து நல்ல பிரதியை வாங்கிக்கொண்டு போனாள். பெயருக்கும் ஊருக்கும் வழக்கம்போலப் புள்ளிக்கோடு விட்டிருந்தார்.

ஆறு கிழமை கழிந்து, ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் தங்கேஸ்வரி ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இஞ்ச பாருங்கோ. லோஜினியை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கினம். தாயும் தகப்பனும் வரவேணுமாம்."

சோமசேகரம் தலைப்பைப் பார்த்தார். மங்கையர்க்கரசி நிதியம். அவருக்குச் சிரிப்பு வந்தது.

"மாவட்டத்துக்கு ஒண்டுதான் குடுப்பினம். அது மூதூர்ப் பிள்ளை ஒண்டுக்குப் போன கணக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எழுதினதே நான். அதை வாசிச்ச பிறகு வேற பிள்ளைக்குக் குடுக்க மனிசனுக்கு மனம் வராது. எங்கடைக்கு ஆர் எழுதினது?"

"கோட்டடியில ஒருத்தரைக் கொண்டு எழுதுவிச்சம். உங்களுக்குத்தான் வேலை தலைக்கு மேலயே."

கோட்டடி மதிலோரம் வேறு இரண்டு பெட்டிசக்காரர் இருந்தார்கள். இருவருடைய எழுத்தும் சோமசேகரத்துக்குத் தெரியும். அவருடைய மனம் முழுதாக ஆறியது. தன் வீட்டுப் பிள்ளைக்கு வேறு ஆளிடம் போய் எழுதுவித்ததற்காகக் கோபிக்க வேண்டியவர், அன்று இரண்டாம்முறை சோறு போட்டுச் சாப்பிட்டார்.

நேர்முகத்துக்குப் போவது என்று முடிவுசெய்தார். மூதூர்ப் பிள்ளையின் வெற்றி நிச்சயம்தான், ஆனாலும் ஒரு காப்பு இருப்பது நல்லது. வசதியான, கௌரவமான தகப்பன் என்று ஆளைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டால், லோஜினியின் விண்ணப்பம் அந்த இடத்திலேயே விழுந்துவிடும். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு அலுமாரியிலிருந்து டொக்யாட் கோட் வெளியே வந்தது. பூச்சியுருண்டை மணத்தோடும் காலை வெயிலில் வழிகிற வியர்வையோடும் அவர் முன்னால் நடந்தார். தங்கேஸ்வரியும் லோஜினியும் காற்றோட்டத்துக்காகக் கொஞ்சம் பின்னால் வந்தார்கள்.

நேர்முகம் ஒரு பாடசாலையின் மேல்மாடி வகுப்பில் நடந்தது. வெளியே நீள வாங்கில் நாலைந்து பிள்ளைகள் தாய் தகப்பனோடு இருந்தார்கள். மூதூர்ப் பெண்ணைக் காணவில்லை. பாவம், லோஞ்சைத் தவறவிட்டுவிட்டாளோ என்று சோமசேகரத்துக்குக் கவலையாக இருந்தது.

உள்ளே மேசைக்குப் பின்னால் இரண்டு பேர். நடுவில் இருந்தவர் நிதியத்தின் தலைவர் பாக்கியரத்தினம், பாடசாலைகளைப் பரிசோதித்து இளைப்பாறிய வித்தியாதரிசி. பக்கத்தில் சிவகுருநாதன் இருந்தார். ஊரில் பெயர் போன சட்டத்தரணி. அவருடைய கந்தோர் சோமசேகரத்தின் மேசைக்கு நேர் எதிரே. தெரிந்த முகத்தைக் கண்டதும் சோமசேகரத்துக்குத் தெம்பு வந்தது.

பாக்கியரத்தினம் முதலில் லோஜினியிடம் கேட்டார்: "ஏன் பிள்ளை வளாகத்துக்குப் போக விரும்புறீர்? சட்டக் கல்லூரியெண்டா சுருக்கா முடிச்சுப்போடலாமே?"

"வளாகத்தில படிப்பு இலவசம், ஐயா. தங்கிறதுக்கும் சாப்பாட்டுக்கும்தான் செலவு. உங்கட நிதியம் தந்தா அதுவும் தீரும். பட்டம் முடிச்ச பிறகு சட்டக் கல்லூரிச் சோதனையும் எடுக்கலாம். கோட்டில ஏற ஏலாமல் போனாலும் பட்டத்துக்குத் திணைக்களங்களில வேலை இருக்கு. மற்ற வழியில ஒரு வாசல்தான், இதில ரெண்டு."

"கோட்டில ஏறினா வழக்கு வரும் எண்டு என்ன நிச்சயம்? எங்கட சிவகுருநாதனே சில நாள் ஈ ஓட்டுறார்."

"நான் ஏழு வருசமா அப்பா எழுதுற பெட்டிசங்களைத் திருத்திறனான், ஐயா. பொம்பிளையள் வந்து சொல்லுற கதையில பாதி அதில இருக்காது. ஆம்பிளையளிட்டச் சொல்ல ஏலாமல் அந்தப் பாதியை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு போகினம். அதைக் கேக்கிறதுக்கு ஒருத்தி கறுப்புக் கோட் போட்டுக்கொண்டு இருந்தா, வருவினம்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சோமசேகரத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இந்தப் பிள்ளை இவ்வளவு யோசித்திருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது. அவருடைய பட்டியலில் இப்படி ஒரு வரியே இல்லை. பெருமைப்படுவதற்கு இது நேரமல்ல என்று நினைவு வந்ததும் முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

"நீங்கள்தான் தகப்பனாரோ?"

"ஓம். கோட்டடி சோமசேகரம்." கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஐயா, நான் ஒளிவு மறைவில்லாமல் கதைக்கிறவன். எங்கட குடும்பத்தில குறையெண்டு ஒண்டும் இல்லை. பிள்ளைக்கு ஆதரவுக்கும் குறைவில்லை. இந்த நிதி உண்மையிலேயே ஆதரவில்லாத ஒரு பிள்ளைக்குப் போக வேணும் எண்டதுதான் என்ர விருப்பம். மூதூர்ப் பக்கம் அப்படி ஒரு பிள்ளை இருக்கிறதாக் கேள்வி."

பாக்கியரத்தினம் விண்ணப்பக் கோவையைப் புரட்டினார். "மூதூரில இருந்து இந்த வருசம் ஒரு விண்ணப்பமும் வரேல்லையே."

"தபாலில பிந்தியிருக்கும்."

"அப்படியோ. ஆனா நீங்கள் சொல்லுறதுக்கும் உங்கட மகளின்ர விண்ணப்பத்துக்கும் சரிவரேல்லை. கேளுங்கோ." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். "'கண்ணீரும் கம்பலையுமாக, கீழே ஒப்பமிடும் அபலையாகிய நான்...'"

முதல் வரியிலேயே சோமசேகரத்தின் முகம் மலர்ந்தது. கோவைகள் மாறிவிட்டன, மூதூர்ப் பிள்ளையின் விண்ணப்பத்தைத் தவறுதலாக எடுத்து வாசிக்கிறார்கள். இருந்தாலும் தன் எழுத்தை ஒரு வித்தியாதரிசியின் குரலில் கேட்பது இதுதான் முதல் தடவை. திருத்தாமல் விட்டார். ஏப்பம் விடும் இடத்தில் பாக்கியரத்தினத்தின் குரல் தழுதழுத்தபோது, சோமசேகரம் கண்ணை மூடி மெல்லத் தலையாட்டினார். படியை இடிக்கும் இடம் வந்தது. திருந்துவார் என்ற நம்பிக்கையும் இல்லை என்ற இடம் வந்தது. பிறகு புள்ளிக்கோடு வந்தது.

"'இப்படிக்கு, கமலலோஜினி சோமசேகரம்.'"

சோமசேகரம் கண்ணைத் திறந்தார். தங்கேஸ்வரி யன்னலால் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே கப்பல் ஒன்றும் இல்லை.

"இதில எழுதியிருக்கிறது உண்மையோ?" என்றார் பாக்கியரத்தினம்.

பொய் என்று சொல்லிவிட அவர் வாயைத் திறந்தார். அதற்குள் சிவகுருநாதன் தாளைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "தலைவர் ஐயா, இந்தக் கையெழுத்தை எனக்குப் பதினெட்டு வருசமாத் தெரியும். கோட்டடியில இது ஒருத்தற்ற எழுத்துத்தான். பேர் போட மாட்டார், ஆனா எழுதினதில ஒரு சொல்லும் பொய்யில்லை எண்டு நீதவானுக்கு முன்னாலயே சொன்ன மனிசன். என்ன, சோமசேகரம்? நீர் எழுதினதுதானே?"

சோமசேகரம் யோசித்தார். டொக்யாட் கோட்டுக்குள் வியர்வை ஆறாக ஓடியது. இது பொய் என்றால், பதினெட்டு வருடமாக அவர் எழுதிய அத்தனையும் பொய் என்று சிவகுருநாதன் நாளைக்கே கோட்டடியில் சொல்லிவிடுவார். காணி போகும், மாடு போகும், பட்டம் போகும். தகப்பன் என்ற மரியாதையை ஒரு தட்டிலும் பெட்டிசக்காரன் என்ற மரியாதையை மறுதட்டிலும் வைத்துப் பார்த்தார். அதிக நேரம் ஆகவில்லை.

"உண்மைதான்," என்றார்.

"அப்ப இண்டைக்கு ஆதரவு குடுக்கிறன் எண்டு வந்திருக்கிறீங்கள்," என்றார் பாக்கியரத்தினம் மகிழ்ச்சியோடு. "திருந்திட்டீங்கள். மிச்சம் சந்தோசம். அப்படியெண்டா நிதியத்தின்ர உதவி தேவையில்லை. நீங்களே செலவழிச்சுப் படிப்பிப்பீங்கள். எழுதிக்கொள்ளட்டோ?"

இந்தப் பக்கமும் வழியில்லை என்று சோமசேகரம் கண்டுகொண்டார். எழுதிக்கொள்ளப் போன பேனையைப் பார்த்தார். நாலு வருடத்துக் கொழும்புச் சாப்பாட்டை நினைத்தார்.

"இல்லை, ஐயா," என்றார் மெல்ல. "நான் திருந்தேல்லை."

"என்ன சொன்னீங்கள்?"

"திருந்தேல்லை. பெட்டிசத்தில எழுதினபடிதான் இருக்கிறன். இனியும் நம்பிக்கை இல்லை."

பாக்கியரத்தினம் கண்ணாடியைக் கழற்றி அவரைக் கீழிருந்து மேலாகப் பார்த்தார். இவ்வளவு வெளிப்படையான கொடுமைக்காரனை அவர் தன் உத்தியோக காலத்தில் கண்டதில்லை. பிறகு தங்கேஸ்வரியிடம் திரும்பினார். "அம்மா, நாங்கள் நிதியைக் குடுத்தாலும் இந்த மனிசன் பிள்ளையை விடாமல் மறிச்சா என்ன செய்வீங்கள்?"

தங்கேஸ்வரி யன்னலை விட்டுத் திரும்பினாள். "மறிக்க மாட்டார், ஐயா. வீட்டு உறுதிப் பத்திரம் சீதனமா என்ர பேரில. எங்கட பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே. கலியாணம் கட்டி வந்த நாள் தொடக்கம் அவர் என்னோடதான் இருக்கிறார்."

சிவகுருநாதனுக்கு இருமல் வந்தது. அது நிற்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பாக்கியரத்தினம் கோவையில் கையெழுத்து வைத்தார்.

"ஐயா, இன்னொரு கடதாசியும் வேணும்," என்றாள் தங்கேஸ்வரி. "படிச்சு முடிச்சா வேலை தாறன் எண்டு ஆரும் பெரியவர் எழுதித் தரவேணுமாம். நடவாத காரியம் ரெண்டெண்டு பெட்டிசத்தில வருகுதே, அதில இது மற்றது."

சிவகுருநாதன் ஒரு தாளை இழுத்தார். பிள்ளை பட்டமும் முடித்துச் சோதனையும் சித்தியடைந்து வந்தால், தன் கந்தோரில் தனக்குக் கீழே ஒரு மேசை போட்டுத் தருவதாக எழுதினார். "பொம்பிளையளின்ர அந்தப் பாதிக் கதையை ஆரும் கேட்டால்தான் எனக்கும் வழக்கு வெல்லும்," என்று சொல்லிக்கொண்டே கையெழுத்து வைத்தார்.

திரும்பி வரும்போது மூவரும் கடற்கரைப் பக்கமாக நடந்தார்கள். லோஜினி இரண்டு கடதாசியையும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கொஞ்சம் முன்னால் போனாள். சோமசேகரம் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டிருந்தார்.

"ஆர் அந்த மூதூர்ப் பொம்பிளை?"

"றம்ஸியா. தயிர்க்காரி. பதினொரு வருசமா எங்கட வீட்டுக்குத் தயிர் கொண்டு வாறா. நீங்கள் எழும்பிக் கோட்டடிக்குப் போனபிறகுதான் வருவா."

பதினொரு வருடமாகத் தின்ற தயிரைத் திறமில்லை என்று தள்ளியதை நினைத்துச் சோமசேகரம் கோட்டை மறுதோளுக்கு மாற்றினார். கடைசியில் அவரை அரித்துக்கொண்டிருந்த கேள்வி வெளியே வந்தது.

"அது சரி. கோட்டடியில வேற ரெண்டு பேர் இருக்கினம். லோஜினியே நல்லா எழுதுவாள். ஏன் என்னட்டயே வந்து எழுதுவிச்சனீர்?"

"மற்றவை எழுதினா இது கிடைக்குமோ?" என்றாள் தங்கேஸ்வரி. "நானும் பிள்ளையுமா எழுதிப் பார்த்தம். ஒரு பக்கத்துக்கு மேல வரேல்லை. உங்களைப் பற்றி அவ்வளவு மோசமா எழுத எங்களுக்கு மனம் வரேல்லை."

கோபம் வர வேண்டிய இடம். சோமசேகரத்துக்கு வந்தது பெருமை. அதை மறைக்க அவர் கடலைப் பார்த்தார். முன்னால் போன பிள்ளை திரும்பி நின்று, அவர் வந்து சேரும்வரை காத்திருந்து, தோளிலிருந்த கோட்டை வாங்கிக்கொண்டாள். போய்விடுவாள் என்பது அப்போதுதான் அவருக்கு உண்மையாக உறைத்தது. கண் கலங்கியது. அதற்கு அவர் வெயிலைக் குறை சொன்னார்.

வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்து முடிய, தங்கேஸ்வரி மேசையைத் துடைத்து ஒரு கட்டுத் தாளையும் பேனையையும் கொண்டுவந்து வைத்தாள்.

"இது என்னத்துக்கு?"

"நிதியத்தின்ர கடிதத்தில பின்பக்கம் போட்டிருக்கு. வருசா வருசம் புதுப்பிக்க வேணுமாம். குடும்ப நிலைமை மாறேல்லை எண்டு விளக்கமா எழுதிக் குடுக்காட்டி நிப்பாட்டிப் போடுவினமாம்." அவள் கதிரையை இழுத்துப் போட்டாள். "நாலு வருசத்துக்கும் சேர்த்து இப்பவே எழுதி வைச்சிடுங்கோ. பிள்ளை கொழும்புக்குப் போக முதல் பிழை திருத்திப்போட்டுப் போவாள்."

சோமசேகரம் உட்கார்ந்தார், பேனையைத் திறந்தார், விண்ணப்பதாரியின் தந்தை இந்த வருடமும் திருந்தவில்லை என்று தொடங்கினார்.